மாட்டுக்கு முதலில், அடுப்புக்குப் பிறகு: புல் சைலேஜிலிருந்து உயிர்வாயு

கடந்த பெப்ரவரியில் பால் விலை பற்றிய கட்டுரை ஒன்றுக்காகக் கிளிநொச்சி மாவட்டத்தில் உள்ள ஒரு சிறிய பண்ணைக்குப் போயிருந்தேன். பேசிக்கொண்டிருக்கும்போதே பண்ணைக்காரர் கொட்டில் ஓரத்தில் வரிசையாக நின்ற நீலப் பிளாஸ்ரிக் பரல்களில் ஒன்றைத் திறந்தார். மார்கழி மழைக்கு நடுவே அவசரமாக வெட்டி அடைத்த புல் அது. மூடியைக் கழற்றியதும் கெட்டுப்போன வெண்ணெயின் நாற்றம் எழுந்தது. ஒரு கைப்பிடியை எடுத்து மாட்டின் முன் போட்டார். மாடு மணந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

“இது சரிவராது பிள்ளை. பசியில திண்டாலும் பால் குறைஞ்சிடும்” என்றவர், பரலைக் கொட்டிலுக்குப் பின்னால் உருட்டிச் சென்று கவிழ்த்தார். கவிழ்த்த இடத்திலிருந்து பத்தடி தூரத்தில் சீமெந்தால் கட்டிய உயிர்வாயுக் கலன் ஒன்று புல் மூடிக் கிடந்தது. போருக்குப் பின்னர் ஏதோ ஒரு திட்டத்தில் கட்டிக்கொடுத்தது. மாடுகள் குறைந்து சாணம் போதாமற்போன பிறகு அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மாடு மறுத்த புல்லும் சாணம் இல்லாமல் கைவிடப்பட்ட கலனும் அருகருகே கிடந்தன. அந்தப் புல்லால் இந்தக் கலனை நிரப்ப முடியாதா என்ற கேள்வியோடுதான் வீடு திரும்பினேன். முடியும் என்பதே பதில். ஆனால் எந்தப் புல், எவ்வளவு, யாருடைய காணியில் வளர்ந்தது என்பவற்றைப் பொறுத்தே அது நல்ல யோசனையா கெட்ட யோசனையா என்று சொல்லலாம். தேடி வாசித்தவற்றையும் பண்ணைகளில் கேட்டறிந்தவற்றையும் இங்கே தொகுத்துத் தருகிறேன்.

சைலேஜ் என்பது என்ன?

பச்சைப்புல்லைக் காற்றுப் புகாமல் அடைத்துப் புளிக்கவைத்துப் பாதுகாப்பதே சைலேஜ். எங்கள் வீடுகளில் ஊறுகாய் போடுவதன் தத்துவம்தான். புல்லின் மேல் இயல்பாகவே வாழும் இலற்றிக் அமிலப் பற்றீரியாக்கள் ஒட்சிசன் இல்லாத இடத்தில் புல்லில் உள்ள வெல்லத்தை அமிலமாக்குகின்றன. அமிலம் கூடக்கூட பி.எச். பெறுமானம் 4 அளவுக்கு இறங்குகின்றது. அந்தப் புளிப்பில் அழுக வைக்கும் நுண்ணுயிர்கள் வாழ முடியாது. மூன்று முதல் ஆறு வாரங்களில் இந்த நொதித்தல் முடிந்துவிடும். அதன் பின் காற்றுப் புகாதவரை புல் மாதக்கணக்கில், சரியாக மூடப்பட்டிருந்தால் ஒரு வருடத்துக்கு மேலும், கெடாமல் இருக்கும்.

புல்லில் தண்ணீர் அதிகமாகவும் வெல்லம் குறைவாகவும் இருந்தால் வேறொரு கூட்டம் வென்றுவிடுகின்றது. குளொஸ்ரிடியா வகைப் பற்றீரியாக்கள் பியூற்றிரிக் அமிலத்தையும் அமோனியாவையும் உருவாக்குகின்றன. பரலைத் திறந்தபோது வந்த கெட்ட வெண்ணெய் நாற்றம் இந்தப் பியூற்றிரிக் அமிலத்தினுடையதுதான். மாட்டுக்கு அது உணவு அல்ல.

சீமெந்தாலான ஒரு வயிறு

உயிர்வாயுக் கலனுக்குள் நடப்பது காற்றின்றிய சமிபாடு. மாட்டின் வயிற்றில் நடப்பதற்கும் அதற்கும் அதிக வேறுபாடில்லை. முதலில் ஒரு தொகுதி நுண்ணுயிர்கள் நாரையும் புரதத்தையும் சிறு மூலக்கூறுகளாக உடைக்கின்றன. அடுத்தவை அவற்றைக் கொழுப்பமிலங்களாக்குகின்றன. மூன்றாவது தொகுதி அவற்றை அசற்றிக் அமிலமாகவும் ஐதரசனாகவும் மாற்றுகின்றது. கடைசியாக மெதேன் உருவாக்கும் நுண்ணுயிர்கள் அவற்றிலிருந்து மெதேனையும் காபனீரொட்சைட்டையும் வெளிவிடுகின்றன. கிடைக்கும் வாயுவில் ஏறக்குறைய 50 முதல் 65 சதவீதம் மெதேன். மீதியில் பெரும்பங்கு காபனீரொட்சைட்டு, சிறிதளவு ஐதரசன் சல்பைட்டு.

இந்தச் சங்கிலியைப் புரிந்துகொண்டால் மாடு மறுத்த புல்லின் கதை மாறிவிடுகின்றது. பியூற்றிரிக் அமிலமும் அசற்றிக் அமிலமும் கலனுக்கு நஞ்சல்ல. அவை மெதேனுக்குப் போகும் வழியில் உள்ள இடைநிலைப் பொருட்கள். அளவோடு போட்டால் நாற்றமடிக்கும் சைலேஜும் நல்ல வாயு தரும்.

பூஞ்சணம் பிடித்த சைலேஜ் அப்படியல்ல. காற்றுப் புகுந்து சூடேறி, வெள்ளையாகவோ பச்சையாகவோ பூஞ்சணம் படர்ந்திருந்தால் அதில் இருந்த சக்தியில் ஒரு பகுதி ஏற்கெனவே காற்றோடு போய்விட்டது. அதை மாட்டுக்கும் கொடுக்கக்கூடாது, கலனுக்கும் பெரிய பயனில்லை. கூட்டெருக் குவியலே அதற்குரிய இடம்.

பச்சைப்புல்லாகவே போட்டால் என்ன?

போடலாம். ஆனால் வடக்கிலும் கிழக்கிலும் புல் வருடம் முழுவதும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. ஐப்பசி தொடக்கம் தை வரை மழையோடு எங்கும் புல். ஆனி, ஆடி, ஆவணியில் வன்னி காய்ந்து கிடக்கும். அடுப்போ தினமும் எரிய வேண்டும். கலனுக்குள் இருக்கும் நுண்ணுயிர்களும் ஒரு நாள் விருந்து, மறுநாள் பட்டினி என்றால் தாங்காது.

காயவைத்து வைக்கோல் போலச் சேமித்தால் நார் இறுகிவிடும், கலனுக்குள் மிதக்கும், சமிக்க நீண்டகாலம் எடுக்கும். சைலேஜாக்கினால் புல் ஈரமாகவும் மென்மையாகவும் இருக்கின்றது, சமிபாட்டின் முதற்படியில் ஒரு பகுதி முன்கூட்டியே நடந்தும் விடுகின்றது.

இதற்கு இலங்கையில் ஒரு முன்னுதாரணமும் உண்டு. ஜா-எல ஏக்கலயில் உள்ள தேசிய பொறியியல் ஆராய்ச்சி அபிவிருத்தி நிலையம் நெல் வைக்கோலைப் பயன்படுத்தும் உலர்தொகுதி உயிர்வாயு முறையொன்றை உருவாக்கியது. வைக்கோலை ஒரே தடவையில் தாங்கிக்குள் அடைத்து, தொடக்கத்துக்குச் சாணத்தைச் சேர்த்து மூடிவிட்டால் பல மாதங்களுக்குச் சிறுகச் சிறுக வாயு வரும். முடிவில் எரு கிடைக்கும். தினமும் சாணம் கரைக்கும் வேலை அதில் இல்லை. உயிர்வாயு என்றால் சாணம் மட்டுமே என்ற எண்ணம் இந்த நாட்டிலேயே எப்போதோ தாண்டப்பட்டுவிட்டது.

எந்தப் புல், எப்போது வெட்டுவது?

எங்கள் பகுதிகளில் இரண்டு புற்கள் இதற்கு முக்கியமானவை. ஒன்று, யாரும் நடாமலே வீதியோரங்களிலும் வெறுங்காணிகளிலும் ஆளுயரத்துக்கு வளரும் கினிப்புல். மற்றையது சீ.ஓ-3. கம்பையும் நேப்பியர் புல்லையும் இணைத்துத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய இனம் இது. ‘சீ.ஓ’ என்பது கோயம்புத்தூரைக் குறிக்கும். தண்ணீரும் எருவும் கிடைத்தால் ஏறக்குறைய 45 நாட்களுக்கு ஒருமுறை வெட்டலாம்.

பூக்கும் முன் வெட்டுவதே விதி. புல் முற்ற முற்ற தண்டில் இலிக்னின் சேர்கின்றது. மரத்துக்கு உறுதியைக் கொடுக்கும் அதே பொருள். மாட்டின் வயிற்றாலோ சீமெந்துக் கலனாலோ அதைச் சமிக்க முடியாது. வீதியோரத்தில் முற்றிக் காய்ந்து நிற்கும் கினிப்புல்லைப் பார்த்து எவ்வளவு வாயு என்று கணக்குப் போடுபவர்கள் ஏமாறுவது இங்கேதான். இலைகள் பச்சையாக, இடுப்பளவு உயரத்தில் இருக்கும்போது வெட்டிய புல்லே வாயு தரும்.

வெட்டும் இடத்திலும் கவனம் வேண்டும். வீதியோரப் புல்லில் போத்தல் துண்டுகளும் பிளாஸ்ரிக்கும் கம்பிகளும் வரும். களைநாசினி அடித்த இடத்துப் புல் வேண்டாம். பார்த்தீனியம் கலந்த இடங்களைத் தவிர்க்க வேண்டும். வன்னியைப் பொறுத்தவரை இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை இன்னும் நிற்கும் காணிகளுக்குள் புல்லுக்காக எவரும் இறங்கக்கூடாது.

சைலேஜ் செய்யும் முறை

1. வாட்டுதல்: வெட்டிய பச்சைப்புல்லில் ஏறக்குறைய 80 சதவீதம் தண்ணீர். அதை 65 முதல் 72 சதவீதத்துக்குக் குறைக்க வேண்டும். நல்ல வெயிலில் சில மணித்தியாலங்கள் போதும், மந்தாரமான நாளில் ஒரு நாள் தேவைப்படலாம். மழைக்குள் வெட்டி வாட்டாமல் அடைப்பதே பியூற்றிரிக் நாற்றத்துக்கு முதற்காரணம். வடக்கில் மழை ஓயத் தொடங்கும் தை, மாசி மாதங்களே இதற்கு ஏற்றவை.

2. கையால் சோதித்தல்: நறுக்கிய புல்லை உள்ளங்கையில் எடுத்து அரை நிமிடம் இறுக்கிப் பிடியுங்கள். சாறு வடிந்தால் ஈரம் அதிகம். கையை விரித்ததும் உதிர்ந்து சிதறினால் காய்ந்துவிட்டது. சாறு வடியாமல், உருண்டையாக நின்று மெதுவாகத் தளர்ந்தால் பதம் சரி.

3. நறுக்குதல்: மாட்டுக்கு இரண்டு மூன்று சென்ரிமீற்றர் போதும். கலனுக்கு என்றால் ஒன்று முதல் இரண்டு சென்ரிமீற்றர். நீளமான நார் கலனுக்குள் மிதந்து பாய்போலத் தடித்துவிடும், குழாயையும் அடைக்கும்.

4. வெல்லம் சேர்த்தல்: வெப்பவலயப் புற்களில் கரையும் வெல்லம் குறைவு. அதனால் நிறையில் 3 முதல் 5 சதவீதம் வரை மொலாசஸ் எனப்படும் கரும்புப்பாகைச் சிறிது தண்ணீரில் கரைத்துத் தெளிப்பது வழமை. 100 கிலோ புல்லுக்கு 3 முதல் 5 கிலோ. கலனுக்கு மட்டும் செய்வதானால் இந்தச் செலவைக் குறைக்கலாம். ஆனால் வெல்லமே இல்லாமல் செய்தால் சேமிப்பின்போது இழப்புக் கூடும்.

5. அமுக்குதல்: பத்துப் பதினைந்து சென்ரிமீற்றர் படைகளாகப் போட்டு ஒவ்வொரு படையையும் மிதிக்க வேண்டும். ஓரங்களை விசேடமாக மிதிக்க வேண்டும், காற்று அங்கேதான் தங்கும். 200 லீற்றர் பரலில் காலால் நன்றாக மிதித்தால் 100 முதல் 120 கிலோ வரை அடைக்கலாம்.

6. மூடுதல்: வெட்டிய அன்றே, பிந்தினால் மறுநாளே மூடிவிட வேண்டும். பரலுக்கு இறுக்கமான மூடி. குழியானால் அடியிலும் மேலிலும் தடித்த பொலித்தீன், அதன் மேல் பாரம். ஐரோப்பாவில் பழைய டயர்களைப் பாரமாக வைப்பார்கள். இங்கே அதைப் பின்பற்றக்கூடாது, டயருக்குள் தேங்கும் தண்ணீர் டெங்கு நுளம்புக்குத் தொட்டில். மண் மூட்டைகள் போதும். பொலித்தீன் பைகளில் அடைப்பவர்கள் எலியையும் அணிலையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். ஒரு சிறு துளை முழுப் பையையும் கெடுத்துவிடும்.

நன்றாகச் செய்த சைலேஜில் இழப்பு உலர்நிறையில் பத்து சதவீதத்துக்குள் நிற்கும். மோசமாகச் செய்ததில் கால்வாசிக்கு மேல் போய்விடலாம். திறந்த பரலை நாளுக்கு நாள் தொடர்ச்சியாகப் பயன்படுத்தி முடிக்க வேண்டும். திறந்தும் மூடியும் வாரக்கணக்கில் வைத்திருந்தால் பூஞ்சணம் வரும்.

கலனுக்குள் போடும்போது

சாணத்துக்குப் பதிலாகப் புல் என்று யோசித்தால் தோற்றுப்போவோம். சாணத்தோடு புல் என்பதே சரியான வாக்கியம். மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, புல்லைச் சமிக்கத் தேவையான நுண்ணுயிர்கள் சாணத்தில் இருக்கின்றன. இரண்டாவது, சைலேஜ் புளிப்பானது. அதைத் தனியாகக் கொட்டினால் கலனின் பி.எச். பெறுமானம் வீழ்ந்துவிடும். மெதேன் உருவாக்கும் நுண்ணுயிர்கள் நடுநிலைக்கு அண்மித்த சூழலில்தான் வாழும். சாணக் கரைசல் அந்தப் புளிப்பைத் தாங்கிக்கொள்கின்றது. மூன்றாவது, கோபாற்று, நிக்கல், செலனியம் போன்ற சுவடு மூலகங்கள். புல்லை மட்டும் போட்டு நீண்டகாலம் இயக்கிய ஐரோப்பியக் கலன்கள் இவற்றின் குறைபாட்டால் மெல்ல மெல்லச் செயலிழந்த அனுபவம் உண்டு. சாணம் இவற்றைக் கொண்டுவருகின்றது.

நாளொன்றுக்கு அரைக் கிலோவில் தொடங்கி, வாரத்துக்கு ஒருமுறை சிறிது சிறிதாகக் கூட்டி, மொத்தத் தீவனத்தின் நிறையில் நாலில் ஒன்றோடு நிறுத்திக்கொள்வது சிறிய வீட்டுக் கலனுக்குப் பாதுகாப்பானது. சைலேஜை முதல்நாள் இரவே கலனிலிருந்து வெளிவந்த கரைசலில் ஊறவைத்துக் காலையில் சாணத்தோடு கரைத்து விட்டால் மிதப்பது குறையும்.

ஆய்வுகூடம் இல்லாதவர்களுக்குச் சுவாலையே அளவுகோல். சுவாலை நீலமாக நின்றால் எல்லாம் சரி. பற்றவைத்ததும் துள்ளி அணைந்தாலோ, கரைசலில் புளித்த மணமும் நுரையும் கூடினாலோ கலனுக்கு அசீரணம் என்று பொருள். சைலேஜை உடனே நிறுத்த வேண்டும். சில நாட்களுக்குச் சாணக் கரைசல் மட்டும் விட வேண்டும். பெரும்பாலும் அதுவே போதும்.

எங்களுக்கு ஒரு அனுகூலமும் உண்டு. இந்த நுண்ணுயிர்களுக்குப் பிடித்த வெப்பநிலை 35 முதல் 40 பாகை செல்சியஸ். ஜேர்மனியில் கலனைச் சூடாக வைத்திருக்கவே உற்பத்தியாகும் வெப்பத்தில் ஒரு பகுதியைச் செலவிடுகிறார்கள். யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் வெயில் அந்த வேலையில் பெரும்பகுதியை இலவசமாகச் செய்கின்றது.

எவ்வளவு வாயு கிடைக்கும்?

2022 ஏப்ரலில் 12.5 கிலோ எரிவாயுச் சிலிண்டரின் விலை 4,860 ரூபாவானது. அதற்கு முந்தைய ஒக்டோபரில் அது 2,675 ரூபா. விலை ஒருபுறமிருக்க, சிலிண்டரே கிடைக்கவில்லை. அம்மா அதிகாலை நாலு மணிக்கு வெற்றுச் சிலிண்டரோடு வரிசையில் நின்று, வெற்றுச் சிலிண்டரோடே திரும்பிய நாட்கள் எங்கள் வீட்டிலும் உண்டு. பிறகு முற்றத்தில் கல்லடுப்பு வைத்தார். அந்தப் புகையில் வந்த இருமல் சிலிண்டர் வந்த பிறகும் பல மாதங்கள் அவரோடு இருந்தது. அதனால்தான் இந்தக் கணக்கை நான் கவனமாகப் போட்டுப் பார்த்தேன்.

ஒரு கனமீற்றர் உயிர்வாயு ஏறக்குறைய 0.45 கிலோ எரிவாயுவுக்குச் சமம். ஆகவே ஒரு சிலிண்டருக்கு ஏறக்குறைய 28 கனமீற்றர். ஒரு மாதத்துக்கு ஒரு சிலிண்டர் முடிக்கும் குடும்பத்துக்கு நாளொன்றுக்கு ஒரு கனமீற்றருக்குச் சற்றுக் குறைவாகத் தேவை.

ஒரு கிலோ பச்சைச் சாணம் 40 லீற்றர் அளவு வாயு தரும். ஐரோப்பாவின் நல்ல புல் சைலேஜ் கிலோவுக்கு 150 லீற்றரைத் தாண்டும். எங்கள் புற்களில் நார் அதிகம் என்பதால் 80 முதல் 100 லீற்றர் என்று கணக்கிடுவதே நேர்மை.

பகலில் மேயவிட்டு இரவில் மட்டும் கட்டும் மூன்று மாடுகளிடமிருந்து 15 கிலோ சாணம் சேர்க்கலாம் என்று வைத்துக்கொள்வோம். அதில் 600 லீற்றர். மீதி 400 லீற்றருக்கு 4 முதல் 5 கிலோ சைலேஜ். மொத்தம் ஒரு கனமீற்றர். சாணம் குறையும் நாலு மாதங்களுக்கு மட்டும் இவ்வாறு ஈடுசெய்தால் தேவை 600 கிலோ, அதாவது ஐந்தாறு பரல்கள். வருடம் முழுவதும் என்றால் 1,800 கிலோ. பதினைந்து பரல்களுக்கு மேல்.

முதற்கணக்கு ஒரு குடும்பத்தின் கையால் முடிகின்ற வேலை. இரண்டாவது கூலியும் நறுக்கும் இயந்திரமும் கேட்கும் வேலை. நான் பேசிய பண்ணையாளர்களில் எவரும் இரண்டாவதை விரும்பவில்லை. அவர்கள் சொன்னது சரியென்றே எனக்கும் படுகின்றது.

அடுப்போடு கணக்கு முடிவதில்லை. கலனிலிருந்து வெளிவரும் கரைசலில் புல்லில் இருந்த நைதரசனும் பொசுபரசும் பொட்டாசியமும் அப்படியே இருக்கின்றன. காபன் மட்டுமே வாயுவாகப் போகின்றது. ஒரு தொன் சைலேஜில் ஏறக்குறைய 4 முதல் 5 கிலோ நைதரசன் இருக்கும். அது பத்து கிலோ யூரியாவுக்கு அண்மித்தது. 2021இல் இரசாயன உர இறக்குமதியை ஒரே இரவில் நிறுத்திய நாட்டில், வயலுக்கு எதைப் போடுவது என்று தெரியாமல் நின்றவர்களுக்கு இந்த எண்ணின் பெறுமதி விளங்கும்.

மறக்கக்கூடாத இரண்டு ஆபத்துகள்

முதலாவது தண்ணீர். ஈரமாக அடைத்த சைலேஜிலிருந்து வடியும் சாறு, மாசு வலிமையில் வீட்டுக் கழிவுநீரைவிட ஏறக்குறைய 200 மடங்கு கடுமையானது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணக்கல். நிலத்தில் ஊற்றுவது கிணற்றில் ஊற்றுவதற்குச் சமம். எங்கள் கிணறுகளில் நைத்திரேற்று அளவு ஏற்கெனவே கவலைக்குரிய பிரச்சினை. ஆகவே குடாநாட்டில் மண்குழிச் சைலேஜ் வேண்டாம், பரல் மட்டுமே பொருத்தம். வடியும் சாற்றைச் சேகரித்துக் கலனுக்குள்ளேயே விடலாம், அது நல்ல வாயு தரும். கலனின் எச்சக் கரைசலையும் கிணற்றடியில் விடாமல் பயிருக்குத் தேவையான அளவே பாய்ச்ச வேண்டும்.

இரண்டாவது வாயு. காற்றில் 5 முதல் 15 சதவீதம் மெதேன் கலந்தால் வெடிக்கும். ஐதரசன் சல்பைட்டு அழுகிய முட்டை போல மணக்கும், ஆனால் செறிவு கூடினால் மூக்கின் மோப்பசக்தியையே மழுங்கடித்துவிடும். மணமில்லை என்பதால் ஆபத்தில்லை என்று எண்ணிக் கலனுக்குள் இறங்கியவர்கள் உலகின் பல இடங்களில் இறந்திருக்கிறார்கள். அவர்களைக் காப்பாற்றப் பின்னால் இறங்கியவர்களும் இறந்திருக்கிறார்கள். பழைய கலனைத் துப்புரவு செய்வதானால் திறந்து, பல நாட்கள் காற்றோட விட்டு, தெரிந்தவரின் மேற்பார்வையில் மட்டுமே. புதிதாக அடைத்த சைலேஜ் குழியிலும் முதல் சில நாட்களில் நச்சு வாயு தங்கும். தாழ்ந்த குழிகளுக்குள் தலையை விடக்கூடாது.

வாயுக் கசிவு வேறொரு விதத்திலும் தீங்கானது. நூறு வருடக் கணக்கில் மெதேன் காபனீரொட்சைட்டைவிட 28 மடங்களவு புவியைச் சூடாக்குகின்றது. வெடித்த கலனில் உயிர்வாயு செய்வதைவிடச் செய்யாமல் விடுவது நல்லது.

ஜேர்மனி கற்றுக்கொண்டது

இந்தத் தொழில்நுட்பத்தை மிகப் பெரிய அளவில் செய்துபார்த்த நாடு ஜேர்மனி. 2000இல் வந்த புதுப்பிக்கத்தக்க சக்திச் சட்டம் உயிர்வாயு மின்சாரத்துக்கு நிலையான விலையை உறுதிசெய்தது. 2004இல் வந்த திருத்தம், அதற்கென்றே வளர்த்த பயிரிலிருந்து வாயு எடுத்தால் மேலதிகக் கொடுப்பனவு என்றது. விவசாயிகள் கணக்குப் பார்த்தார்கள். ஒரு ஹெக்டயரில் அதிக வாயு தருவது சோளச் சைலேஜ். ஆயிரக்கணக்கான கலன்கள் எழுந்தன, அவற்றைச் சுற்றிச் சோளம் பரவியது. சில பகுதிகளில் புல்வெளிகள் உழப்பட்டன. குத்தகை உயர்ந்தது. பால் பண்ணையாளர்கள் தங்கள் மாட்டின் தீவனத்துக்காகக் கலன் முதலாளிகளோடு போட்டியிட வேண்டி வந்தது. நிலம் முழுவதும் சோளமாவதைக் குறிக்க அந்த மொழியில் ஒரு சொல்லே உருவானது. இறுதியில் 2012இன் சட்டத் திருத்தம், புதிய கலன்களில் சோளமும் தானியமும் நிறையில் 60 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று வரம்பிட்டது.

அயர்லாந்தின் நிலைமை வேறு. அங்கே விவசாய நிலத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் புல்தான். கோர்க் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆய்வாளர்கள் புல் சைலேஜையும் மாட்டுச் சாணக் கரைசலையும் சேர்த்து வாயு எடுப்பதைப் பல வருடங்களாக ஆராய்ந்து வருகிறார்கள். உழாத நிலம், ஏற்கெனவே இருக்கும் புல், ஏற்கெனவே இருக்கும் சாணம் என்பதே அங்குள்ள வாதத்தின் பலம். ஆனால் அங்கும் அதே கேள்வி உண்டு: வாயுவுக்கு விலை கூடினால் புல் யாருக்குப் போகும்?

எங்கள் புல் யாருடையது?

அந்தக் கேள்வி இங்கே இன்னும் கூர்மையானது. வடக்கிலும் கிழக்கிலும் மேய்ச்சல்தரை என்பது அரசியல். மட்டக்களப்பின் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல்தரைகளுக்காகப் பால் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் வீதியோரத்தில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். வன்னியில் காலபோகம் தொடங்கினால் மாடுகளை எங்கே கொண்டுபோவது என்பது ஒவ்வொரு வருடமும் வரும் தலையிடி. இந்த நிலையில் ‘பசுமைச் சக்தி’ என்ற பெயரில் யாராவது நூற்றுக்கணக்கான ஏக்கரில் புல் நட்டு மின்சாரம் எடுக்க வந்தால், அந்தக் காணி யாருடைய மாடு மேய்ந்த காணி என்பதே நாங்கள் கேட்க வேண்டிய முதற்கேள்வி.

அதனால் நான் ஒரு வரிசையைப் பரிந்துரைக்கிறேன். நல்ல சைலேஜ் மாட்டுக்கு. மாடு மறுத்த சைலேஜ், வடிந்த சாறு, தின்று மிஞ்சிய தண்டு, எந்த மாடும் போகாத வீதியோரத்துக் கினிப்புல் ஆகியவை கலனுக்கு. பூஞ்சணம் பிடித்தது கூட்டெருவுக்கு. கலனிலிருந்து வருவது மீண்டும் புல்லுக்கு. வரிசை மாறினால் தொழில்நுட்பம் அதேதான், ஆனால் நட்டப்படுபவர் வேறொருவர்.

கிளிநொச்சிப் பண்ணைக்காரரோடு சித்திரை கழிந்த பிறகு தொலைபேசியில் பேசினேன். கலனின் கழுத்துப் பகுதியில் இருந்த வெடிப்பைக் கொத்தனாரை அழைத்து அடைத்திருந்தார். மீதமிருந்த இரண்டு நாற்றப் பரல்களையும் சாணத்தோடு சிறிது சிறிதாகப் போட்டு வருவதாகச் சொன்னார். முதல் மூன்று வாரங்கள் ஒன்றும் பற்றவில்லையாம். இப்போது?

“ரெண்டு நேரத் தேத்தண்ணியும் ஒரு கறியும் ஆகுது. சோறு இன்னும் விறகிலதான். அடுத்த முறை மழைக்க வெட்டமாட்டன், பிள்ளை. நல்லா வாட்டி அடைச்சு மாட்டுக்கே குடுத்திடுவன்.”

அப்படியானால் கலனுக்கு என்ன போடுவீர்கள் என்று கேட்டேன். வீதிக்கரையில் கினிப்புல் நிற்கிறதுதானே என்றார்.